உண்டியலில் விழுந்த உயில்

இதை முதலில் படிக்க வேண்டியவர் என் மருமகனின் அண்ணன். அவர் வீட்டில் பேப்பர், புத்தகம் எல்லாம் வாங்குகிறார்கள். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் எழுதாமலே தெரியும். அவர் படித்த பிறகு மற்றவர்கள் படிக்கலாம். முக்கியமாக, சாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. வீட்டுக்கு ஆள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். டாக்டர் கேள்வி கேட்டால்கூட என் மகள் முகத்தைத்தான் பார்ப்பேன். பேச வராதவர்களுக்குக் கோபமும் வராது என்று சிலர் நினைக்கிறார்கள். வரும். வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடந்து ஊறும்.

என் மகள் செல்வராணி எனக்கு ஒரே பிள்ளை. கன்னிவாடிப் பக்கம் எங்கள் ஊரிலேயே, மூன்று தெரு தள்ளித்தான் அவளைக் கட்டிக் கொடுத்தேன். தொண்ணூற்று எட்டாம் வருஷம் கல்யாணம். பதினோரு மாதத்தில் மாப்பிள்ளை ஒட்டன்சத்திரம் ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டார். நல்ல மனிதர், அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய அப்பா அம்மா முன்பே தவறிவிட்டார்கள். இருந்தது அண்ணன் ஒருவர்தான். அந்த அண்ணன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றே என் மகளைக் கட்டிய சேலையோடு என் வீட்டுக்கு அனுப்பினார். நான் கொடுத்த சீர்ச் சாமான்களை ஓர் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அண்டா, குடம், சொம்பு, தூக்குவாளி எல்லாவற்றிலும் செ.ராணி என்று பெயர் வெட்டியிருந்தது. "பேரு வெட்டுனா அவளுதாகிருமா? எங்க வீட்டுக்கு வந்த சாமான், எங்க வீட்டுல இருக்கும்" என்றார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை, அவரையும் சரி, என்னையும் சரி.

செல்வராணி தையல் படித்தவள். ஒரு மிஷினில் ஆரம்பித்து, பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துத் தைத்து எட்டு மிஷின் ஆக்கினாள். எங்கள் ஊர் எல்லையிலேயே, ரெட்டியார்சத்திரம் போகிற பாதையில் மூன்று சென்ட் இடம் வந்தபோது நான் என் முக்கால் ஏக்கர் மல்லிகைத் தோட்டத்தை விற்றுக் கொடுத்தேன். முன்னால் தையல் கடை, பின்னால் நாங்கள் இருக்க இரண்டு அறை. பத்திரம் யார் பெயரில் என்று கேட்டார்கள். "எனக்கப்புறம் அவளுக்குத்தான, அவ பேருலயே எழுதுங்க" என்றேன். எனக்கு முன்னால் அவள் போகலாம் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

இரண்டாயிரத்து மூன்றில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தையல் மிஷின் மிதித்தால் வாங்கும், மாடிப்படி ஏறினால் வாங்கும். ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார்கள். பிறகு பாதம் வீங்கியது. படுத்தால் இருமல், தலையணையை மூன்றாக அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குவாள். ஒருநாள் சளியில் ரத்தக் கோடு. டி.பி.யோ என்று பயந்து திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பெரிய வியாதிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சும்மா ஒரு சளிக்கு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவி ஒரு கருவியை வைத்து உருட்டினால், உள்ளே இதயம் அடிப்பது டிவியில் தெரிகிறது. டாக்டர் அதைக் காட்டி எனக்குப் புரியும்படிச் சொன்னார்: "இதயத்துக்குள்ள நாலு ரூம் இருக்கும்மா. ரூமுக்கு ரூம் கதவு. அதத்தான் வால்வுன்னு சொல்றோம். உங்க மகளுக்கு ஒரு கதவு தடிச்சுப்போச்சு, சரியா தெறக்கல. ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. அதான் மூச்சு வாங்குது."

"எப்படி வந்துச்சு?" என்று செல்வராணி கேட்டாள்.

"சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், அப்புறம் மூட்டு மூட்டா வீங்குனது உண்டா?"

அவளுக்கு ஞாபகமில்லை. எனக்கு இருந்தது. ஒன்பது வயதில் முழங்கால் வீங்கி ஒரு வாரம் அழுதாள். நான் விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன், சரியாகிவிட்டது. மூட்டில்தான் சரியானது, அந்தக் காய்ச்சல் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளுக்குத் தொண்டை வலியோடு மூட்டு வீங்கினால் எண்ணெயை எடுக்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

மதுரையில் ஆபரேஷன் செய்து வால்வை மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் திண்டுக்கல்லிலேயே பத்துப் பன்னிரண்டு நாள் படுக்க வைத்து நீரை வடிக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து துணி எடுத்து வைத்தோம். அப்போதுதான் செல்வராணி ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து உட்கார்ந்து எழுதினாள். எழுதி, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"என்ன தாயி இது?"

"உயிலும்மா. எனக்கு ஒண்ணுன்னா வீடு ஒனக்குன்னு எழுதியிருக்கேன். பெட்டியில வையி."

இருபத்தேழு வயதுப் பிள்ளை உயில் எழுதுவதா? அதை வீட்டில் வைத்திருந்தால் எமனுக்கு ஆள் அனுப்பியது மாதிரி. அடுப்பில் போடலாம் என்று பார்த்தேன். மகள் கையெழுத்தை நெருப்பில் போட மனசு வரவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஊருக்குள் ஓடிப் போய், எங்கள் காளியம்மன் கோவில் உண்டியலில் போட்டேன். "ஆத்தா, இது ஒங்கிட்டயே கெடக்கட்டும். வெளிய வரவேணாம்" என்று கும்பிட்டுவிட்டு ஓட்டமாகத் திரும்பினேன். அந்த உண்டியலை மாசித் திருவிழா முடிந்த பிறகுதான் திறப்பார்கள்.

இப்படி ஒரு மடத்தனத்தை இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் செய்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில் வார்டு. ஜன்னல் ஓரம் எங்களுக்கு. காலையில் எடை பார்ப்பார்கள். நீர் போகிற மாத்திரை கொடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எவ்வளவு சிறுநீர் போனாள் என்று அளந்து எழுதுவது என் வேலை. நாலு டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது. சித்திரை வெயிலில் நாலு டம்ளர். அவள் முன்னால் தண்ணீர் குடிக்க எனக்கே கூச்சமாக இருக்கும், வராந்தாவுக்குப் போய்த்தான் குடிப்பேன். எங்கள் கடையில் தைக்கிற பெண்கள் முன்பக்கம் திறக்கிற மாதிரி நாலு நைட்டி தைத்துக்கொண்டு வந்தார்கள். ஈசிஜி எடுக்க வசதியாக இருக்குமாம். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே யோசித்துத் தைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்க்கார அம்மா ஒருத்தர். அவருடைய வீட்டுக்காரர் தினமும் இரண்டு இளநீர் கொண்டுவந்து, "எங்காளுக்கு ஒண்ணு, ஒங்க மகளுக்கு..." என்று சொல்லிவிட்டு, நாலு டம்ளர் ஞாபகம் வந்து, "சரி, ஒங்களுக்கு" என்று என்னிடம் நீட்டுவார்.

மூன்றாம் நாள் அவர் வந்தார். மருமகனின் அண்ணன். நாலு வருஷமாக எட்டிப் பார்க்காத மனிதர், ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எம் தம்பி பொண்டாட்டி. நான் பாக்காம யாரு பாப்பாக?" என்று நர்ஸிடம் சொன்னார். மறுநாளிலிருந்து அவருடைய மனைவி தனலட்சுமியைத் தினமும் கஞ்சியோடு அனுப்பினார். அவள் கஞ்சி கொண்டுவந்த தூக்குவாளியைப் பார்த்தேன். மூடியில் செ.ராணி என்று வெட்டியிருந்தது.

செல்வராணியும் பார்த்தாள். "என் தூக்குவாளிய நாலு வருசம் கழிச்சுப் பாக்குறேன்க்கா. நல்லா வெளக்கித்தான் வச்சிருக்கீக" என்றாள்.

தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "பூட்டுன சாமானத்துல இத ஒண்ணத்தான் எடுத்துக் குடுத்தாரு. ஆஸ்பத்திரிக்கு இது போதும்னு."

ஐந்தாம் நாள் சாயங்காலம் செல்வராணிக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. வாயில் நுரை, உதடு நீலம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். என்னை வெளியே தள்ளித் திரையை இழுத்துவிட்டார்கள். எதிரே வந்த சின்ன டாக்டரைப் பிடித்துக்கொண்டு, பிழைப்பாளா என்று அன்று வந்திருந்த மருமகனின் அண்ணன்தான் கேட்டார், எனக்குத்தான் வாய் வரவில்லையே. "இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

நான் முகம் கழுவ வாசலுக்குப் போனேன். அங்கே எஸ்டிடி பூத். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது. அவர் உள்ளே முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"தாங்காது போலருக்குப்பா. ஆமா. புள்ள குட்டி இல்லைல்ல. வக்கீலக் கேட்டுட்டேன், பொம்பளைக்குப் புள்ள இல்லேன்னா புருசன் வகைக்குத்தான் வருமாம். ஆத்தாகாரிக்கு ஒண்ணுங் கெடையாது. ரோட்டு மேல எடம்ப்பா, கடை வேற... அதுவா? அதுக்குப் பேசவே தெரியாது. வெளிய போன்னா போயிரும்."

அது என்று சொன்னது என்னைத்தான்.

நான் அப்படியே சுவரோடு ஒட்டி நின்றேன். என் தோட்டம் போய் அந்த வீடு வந்தது. இன்று சாயங்காலம் என் மகள் கண்ணை மூடினால், அந்த வீடு நேராக இவர் கைக்குப் போகும். அவளை அனுப்பிய மாதிரியே கட்டிய சேலையோடு என்னையும் அனுப்புவார். அதைத் தடுக்க இருந்த ஒரே காகிதத்தை நானே உண்டியலில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்று நான் சாமியிடம் மகள் உயிரைக் கேட்டேன். கூடவே இன்னொன்றும் கேட்டேன்: இந்த மனிதர் ஏமாந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும்.

மறுநாள் மதியம்தான் அவளுக்குத் தெளிந்தது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நான் கேட்டதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தேன்ல, அது பெட்டியிலதான இருக்கு?"

"இல்ல தாயி."

"எங்க?"

"ஆத்தா உண்டியல்ல."

மூக்குக் குழாயைக் கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிக்க மூச்சு பத்தாமல் இருமி, கட்டில் ஓர மிஷின் சத்தம் போட்டு, நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினார். "காளியாத்தாவுக்கா எழுதி வச்சேன்? ஒனக்குல்ல எழுதுனேன்" என்று மறுபடி சிரித்தாள்.

திண்டுக்கல்லில் பத்திரம் எழுதுகிற ஒருவருடைய பிள்ளைகளுக்கு அவள் யூனிபார்ம் தைத்துக் கொடுத்திருந்தாள். கடைப் பெண் ஒருத்தியை அனுப்பி அவரை வரச் சொன்னோம். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த முதல் தாள் கையில் இருந்திருந்தாலும் செல்லாது. உயில் வெள்ளைத் தாளில் எழுதலாம், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். ஆனால் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரே சாட்சியாக நிற்காமல் இருப்பது நல்லது. உடம்பு சரியில்லாதவர் என்றால் தெளிந்த புத்தியோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு மனசு மாறினால் வேறு எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். பிள்ளை இல்லாத விதவை தானே சம்பாதித்த சொத்து, உயில் இல்லாவிட்டால் பெற்ற தாய்க்கு முன்னால் புருஷன் வீட்டுக்குத்தான் போகும். அந்த மனிதர் பூத்தில் சொன்னது பொய்யில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

டாக்டர் சான்று எழுதிக் கொடுத்தார். சாட்சிக்கு நர்ஸைக் கேட்டோம். "ஐயோ அக்கா, கோர்ட்டுக்குக் கூப்ட்டா நான் எங்க போறது?" என்று நழுவினார். இளநீர் கொண்டுவருகிற ஆத்தூர்க்காரர் எழுந்து வந்தார். "நான் போடுறேன். கையெழுத்துக் கோணலா இருக்கும், பரவால்லையா?"

இன்னொரு சாட்சிக்கு ஆள் இல்லை. அப்போது தூக்குவாளியோடு தனலட்சுமி உள்ளே வந்தாள். பத்திரக்காரர் பேப்பரை மறைத்தார். செல்வராணி, "மறைக்காதீங்கண்ணே" என்றாள். "அக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு வீடு போகக்கூடாதுன்னு உயில் எழுதுறேன். ஒரு சாட்சி கொறையுது."

வேறு யாராக இருந்தாலும் வந்த வழியே ஓடியிருப்பார்கள். தனலட்சுமி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கை துடைத்தாள். "எங்க போடணும்?"

"யோசிச்சுக்க தாயி" என்றேன் நான்.

"நாலு வருசமா யோசிச்சாச்சு அத்தை. அன்னைக்கு அந்த ரூமப் பூட்டுன சாவிய எங் கையிலதான் குடுத்தாரு. நானும் வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டேன்." கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கொடுக்காமல் பத்திரக்காரரைப் பார்த்தாள். "அண்ணே, எங்கப்பா எம் பேருல ஒரு தென்னந்தோப்பு எழுதி வச்சிருக்காரு. எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைக. இவரு அத விக்கணும் விக்கணும்னு நிக்கிறாரு. நாளைக்கு நான் போயிட்டா, புள்ளைக பங்கு என்னாகும்னு தெரியல. நானும் எழுதலாமா? வயசு முப்பத்தொண்ணுதான்."

"மேஜரானா யாரும் எழுதலாம்மா."

அன்று அந்த வார்டில் இரண்டு உயில் எழுதப்பட்டது. தனலட்சுமியின் உயிலில் ஒரு சாட்சி என் மகள், ஆக்ஸிஜன் குழாயோடு. கஞ்சி ஆறிப்போயிருந்தது. தூக்குவாளியை எடுக்காமல் தனலட்சுமி கிளம்பினாள். "அது இங்கயே இருக்கட்டும். அதுல எம் பேரு இல்லல்ல" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மதுரைக்குப் போனோம். ஆபரேஷனுக்கு முன்னால், உயிருக்கு ஆபத்து வரலாம், சம்மதம் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளுக்கு என் மகள் பயப்படவில்லை. அதைவிடப் பெரிய தாளில் முன்பே போட்டுவிட்டாளே. ஆறு மணி நேரம் ஆபரேஷன். நெஞ்செலும்பைப் பிளந்து, கெட்ட வால்வை எடுத்து, உலோக வால்வு வைத்தார்கள். எட்டு மிஷினில் ஐந்து மிஷின் அந்த வால்வுக்குப் போனது. ஐசியுவில் ஒரு நாளைக்கு ஒரு தடவை, பச்சை கவுன் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்க்கலாம். முதல் தடவை குனிந்தபோது அவள் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டது. அந்த வால்வு அப்படித்தான் சத்தம் போடுமாம். இனி ஆயுசுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிறோம். உயில் எழுதினால் சாவு வரும் என்று பயந்தேன். எழுதினாள். வரவில்லை. உடம்பு தேறியதும் அவளே போய்ப் பதிவும் செய்துவிட்டாள்.

இனி கோவிலுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாசித் திருவிழா முடிந்து உண்டியலைத் திறக்கிற நாளில், அதில் விழுந்த வேண்டுதல் சீட்டுகளை வாத்தியார் ஒருவர் அம்மனுக்கு எதிரே நின்று உரக்கப் படிப்பார். படித்தால்தான் ஆத்தா காதில் விழுமாம். என் மகளின் தாள் அதில் கிடக்கிறது என்பதையும், அதில் என்ன எழுதியிருந்தாள் என்பதையும் நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். கோவில் கமிட்டியில் மருமகனின் அண்ணன் இருக்கிறார், அன்று முதல் வரிசையில் உட்காருவார் என்பதும் தெரியும். வாத்தியாரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய், பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன்.

பரீட்சையில் பாஸாக வேண்டும், மாடு சினை பிடிக்க வேண்டும் என்று நாலைந்து சீட்டு போனது. அடுத்து நோட்டுத் தாள். வாத்தியார் வழக்கம் போலச் சத்தமாகவே ஆரம்பித்தார்.

"செல்வராணி ஆகிய நான் எழுதுவது. என் வீடும் கடையும் எனக்குப் பிறகு என் அம்மாவுக்கே. பதினாறாம் நாள் என் சீர்ச் சாமான்களைப் பூட்டிக்கொண்டு என்னைக் கட்டிய சேலையோடு அனுப்பிய என் கணவரின் அண்ணனுக்கு அதில் ஒரு செங்கல் கூட..."

அங்கே நிறுத்தினார். ஆனால் ஊர் முழுக்க மீதியைத் தானே படித்துக்கொண்டது. எல்லார் தலையும் முதல் வரிசைக்குத் திரும்பியது. சத்தமே இல்லை, எனக்குப் பக்கத்தில் என் மகளின் நெஞ்சு மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவர் எழுந்தார். "இதெல்லாம் செல்லாது! இதுல சாட்சியே இல்ல!"

வக்கீலைக் கேட்டவர் அல்லவா, சாட்சி வேண்டும் என்பது சட்டென்று வந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

"ஆமா தம்பி, செல்லாது. அதான் சாட்சி வச்சு வேற எழுதி, பதிஞ்சும் வச்சாச்சு."

"எவன் சாட்சி?"

பொங்கல் அடுப்புப் பக்கமிருந்து தனலட்சுமி கரண்டியோடு நிமிர்ந்தாள். "எவனும் இல்ல. நாந்தேன். என் தோப்புக்கும் எழுதியாச்சு, புள்ளைக பேருக்கு."

அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். தலையைக் குனியாமல், வேண்டுமளவு பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கேட்ட இரண்டையும் ஆத்தா கொடுத்துவிட்டாள். அவள்மேல் கை வைக்கட்டும் பார்க்கலாம் என்று தனலட்சுமியின் அண்ணன்மார் இரண்டு பேர் அதற்குள் எழுந்து நின்றிருந்தார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் கமிட்டியில் அவர் பெயரைப் போடவில்லை.

இப்போது உங்களிடம். உங்கள் பெயரில் ஒரு சென்ட் இடமோ, ஒரு மிஷினோ, ஒரு பவுனோ இருந்தால், அது யாருக்கு என்று இன்றைக்கே எழுதி, இரண்டு சாட்சி வையுங்கள். நீங்கள் எழுதாவிட்டால், ஆரஞ்சுப் பழத்தோடு ஒருவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவார். பெற்றவர்களே, பிள்ளை எழுதிக் கொடுத்தால் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். சாமியிடம் கொடுக்காதீர்கள். எனக்கு நடந்த மாதிரி எல்லாருக்கும் நடக்காது.

கோபம் தீர்ந்ததா என்று செல்வராணி கேட்கிறாள். தீரவில்லை. பூட்டிய அறையின் சாவி தனலட்சுமி இடுப்பில்தான் இருக்கிறது. எங்கள் கடைக்கு வரும்போதெல்லாம் பைக்குள் ஒரு சாமானைப் போட்டுக்கொண்டு வருகிறாள். சொம்பு வந்துவிட்டது, டம்ளர்கள் வந்துவிட்டன, குடம் போன மாதம் வந்தது. ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் உள்ளே வைக்கிறேன். அண்டா ஒன்றுதான் பாக்கி. அது எந்தப் பைக்குள்ளும் அடங்காது. ஆட்டோவில் போட்டு அனுப்புகிறேன் என்றாள் தனலட்சுமி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதை அவர்தான் கொண்டுவர வேண்டும். தலையில் வைத்து, மூன்று தெருவும் பார்க்க, பகலில்.